மோட்டார் எரிகிற ஊர் தேடி

எங்களுக்குக் கல்யாணமான நாலாம் வருஷம் ஊர் மாற வேண்டியதாயிற்று. எழுபதுகளின் பிற்பாதி அது. மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள், ஐந்து குடித்தனங்கள் இருந்த வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை எங்களுடையது. என் கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கிணற்று மோட்டார் எரிந்துபோனால், உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். அந்த வேலையில் அவரைப்போல் கெட்டிக்காரர் கிடையாது. மற்ற எந்த விஷயத்திலும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

அவர் வேலை பார்த்த பட்டறை முதலாளியின் மகன் படிப்பை முடித்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தான். ஒரு வாரம் கழித்து முதலாளி என் கணவரின் தோளில் கையைப் போட்டு, “மாப்ள, உன் கைக்கு நீ எங்கிட்ட கெடக்கலாமா? சொந்தமா ஒரு பட்டறை போட்டா ராசா மாதிரி இருக்கலாம்ல” என்றிருக்கிறார். இவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மூன்று நாள் சிரித்த முகமாக இருந்தார்.

“உங்கள வேலைய விட்டு நிப்பாட்டிட்டாரு” என்றேன்.

“அப்படியா சொல்ற?” என்றார்.

அப்படித்தான் ஊர் தேடும் படலம் ஆரம்பித்தது. மதுரைக்குள் பட்டறைக்குப் பஞ்சமில்லை, வெளியே போக வேண்டும் என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். “மோட்டாரு எரியிற ஊரா இருக்கணும்.” எனக்கோ நாலைந்து நிபந்தனைகள். மூன்று வயது மகள் இருந்தாள், அவளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். பங்குனியில் மறுபடி உண்டாகியிருந்தேன், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி எட்ட வேண்டும். அம்மா இல்லாதவள் நான், பிரசவத்துக்கென்று போய் விழப் பிறந்தவீடு கிடையாது. குடிக்கத் தண்ணீர் வேண்டும். இதையெல்லாம் சொன்னால், “அதெல்லாம் எல்லா ஊர்லயும் இருக்கும்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

ஊர் மாறப்போகிறோம் என்று வாயைத் திறந்தோம், அவ்வளவுதான். மற்ற நாலு குடித்தனமும் யோசனை சொல்லக் கிளம்பிவிட்டது. வடக்குமாசி வீதியைத் தாண்டிப் போகாத பெண்கள் எல்லாம் தேனி தண்ணீரைப் பற்றியும் திண்டுக்கல் காற்றைப் பற்றியும் எனக்குப் பாடம் நடத்தினார்கள். எல்லாருக்கும் மேலே ஒருவர் இருந்தார், என் கணவரின் தாய்மாமா. லாரி செட் ஒன்றில் முப்பது வருஷம் புக்கிங் எழுதி ஓய்ந்தவர். மூட்டைகளின்மேல் ஊர்ப் பெயர்களை எழுதி எழுதி, அந்த ஊர்களில் எல்லாம் குடியிருந்து வந்தவர்போலப் பேசுவார். எந்த ஊரைச் சொன்னாலும் அதற்கு ஒரு சரக்கு வைத்திருப்பார்.

“விருதுநகரா? எண்ணெ, மொளகா. பெரியகுளமா? மாம்பழம். நமக்கு அதெல்லாம் ஒத்து வராது மாப்ள. நான் சொல்ற ஊருக்குப் போ” என்பார். எந்த ஊர் என்று கேட்டால், “சொல்றேன் சொல்றேன்” என்று வெற்றிலையைக் குதப்பிக்கொள்வார்.

அவர் சொல்வதற்குள், பட்டறைக்கு வந்துபோகும் ஒரு விவசாயி மூலம் திருவாதவூரில் ஒரு வீடு காலியாக இருப்பது தெரிந்தது. சித்திரை வெயிலில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பம்புசெட் ரூம்களை எண்ணிக்கொண்டே வந்தார். ஒத்தக்கடை தாண்டியதும் எண்ணிக்கை தவறிவிட்டது. பிள்ளை தண்ணீர் கேட்டதால்தான் தவறியது என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் அந்த ஊரில் பெரிய விவசாயி. வீடு என்று அவர் காட்டியதில் பாதி, போன மாதம் வரைக்கும் மாட்டுத் தொழுவமாக இருந்தது. சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மாடுகளுக்கு அது இன்னும் தெரியாது போலிருக்கிறது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று உரிமையோடு உள்ளே வந்தது.

“எங்க ஊருக்கு என்ன கொறைச்சல்? கண்மாய் பெருகிருச்சுன்னா மோட்டாருக்கு வேலையே இல்ல தம்பி” என்றார் அவர் பெருமையாக.

இவர் முகம் விழுந்துவிட்டது. “அப்ப மோட்டாரு…?”

“இருக்கு. எங்கிட்ட மூணு இருக்கு. எந்தம்பிகிட்ட ரெண்டு. நீங்க இங்கனயே இருந்தா எங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்ல.”

அந்த ஒத்தாசை என்கிற வார்த்தை எனக்கு நன்றாகப் புரிந்தது. இவருக்குப் புரியவில்லை, தலையை ஆட்டினார். பிறகு அவர் விசாரணையை ஆரம்பித்தார்.

“எந்தப் பக்கத்து ஆளுக நீங்க?”

“மதுரைதாண்ணே.”

“அது தெரியுது. அப்பாவுக்கு எந்த ஊரு?” இவர் சொன்னார். “அது வந்து குடியேறுன ஊராயிருக்கும். அதுக்கு முந்தி?” சொன்னார். “அங்க எந்தத் தெரு?” 

தெரு வரைக்கும் வந்துவிட்டால் அதற்கு அடுத்த கேள்வி என்ன என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். என்னால் பொறுக்க முடியவில்லை. “ஏங்க, பஸ்ஸு போயிரும், கெளம்புங்க. மோட்டாரு என்ன தெருவப் பாத்தா எரியுது?” என்றேன்.

பெரியவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “வீட்டுக்காரம்மா வெடுக்குன்னு பேசுது” என்று இவரிடம் மட்டும் சொன்னார். அடுத்த வாரமே அந்த வீட்டைச் சொந்தக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. எந்தச் சொந்தமோ, மாடாகத்தான் இருக்க வேண்டும்.

“வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் நீ” என்றார் இவர்.

“இருந்திருந்தா அஞ்சு மோட்டாரையும் சும்மா கட்டிக் குடுத்துக்கிட்டு இருந்திருப்பீக.”

வைகாசியில் மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு ஊர்ப் பெயரை வெளியிட்டார். பேரையூர். “பூராவும் கெணத்துப் பாசனம் மாப்ள. அம்புட்டுக் கெணத்துலயும் மோட்டாரு. எம்பேரச் சொன்னாப் போதும், பஸ் ஸ்டாண்டுலயே மாலையோட நிப்பாய்ங்க” என்றார். தானும் கூட வருவதாகச் சொல்லி, இஸ்திரி போட்ட துண்டை மடிப்புக் கலையாமல் தோளில் போட்டுக்கொண்டு முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். திருமங்கலம் வரைக்கும் ஒவ்வொரு ஊராக எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார். அதைத் தாண்டியதும் பேச்சு குறைந்தது. கள்ளுப்பட்டியில் பஸ் நின்றபோது பக்கத்திலிருந்தவரிடம், “இது என்ன ஊரு தம்பி?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். என் காதில் நன்றாக விழுந்தது.

பேரையூரில் இறங்கினோம். மாலையோடு யாரும் நிற்கவில்லை. மாமா சளைக்காமல் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்குக் கூட்டிப்போனார். இருபது வருஷம் அந்தக் கடைக்கு வந்த ஒவ்வொரு மூட்டையிலும் அவர் கையெழுத்து இருந்ததாம். கடையில் ஓர் இளவட்டம் உட்கார்ந்திருந்தான்.

“அப்பா இல்லையா?”

“அப்பா செத்து ஆறு வருசமாச்சுங்கய்யா.”

“அடடா. நாந்தேன் மதுரை லாரி செட்டுல புக்கிங்ல இருந்தேன்.”

“சரிங்கய்யா” என்றான் அவன். காத்திருந்தான். பிறகு, “என்ன சாமான் வேணும்?” என்றான்.

மாமா ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு இறங்கினார். “பய நல்லா வளந்துட்டான்” என்று எங்களிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவர் தன் பெயரை யாரிடமும் சொல்லவில்லை.

ஊருக்கு வெளியே தோட்டங்களைப் பார்க்க நடந்தோம். எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழத்தில் கிணறுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு மோட்டார் ரூம். என் கணவரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொருட்காட்சிக்கு வந்த பிள்ளைபோல ஓடி ஓடிப் பார்த்தார். ஒரு தோட்டத்துக்காரர் ரூமைத் திறந்துவிட்டார். உள்ளே மோட்டாரின்மேல் சாக்கு போட்டு மூடியிருந்தது. இவர் சாக்கை விலக்கி முகர்ந்து பார்த்தார்.

“எரிஞ்சிருக்கே. எப்பண்ணே எரிஞ்சது?”

“போன வருசம்.”

“அப்பறம் ஏன் கட்டல?”

“கட்டி?” என்றார் அந்த மனிதர். “காத்தையா எறைக்க?”

கிணற்றுக்குள் ஒரு கல்லைப் போட்டுக் காட்டினார். கீழே கல்லில் கல் விழும் சத்தம் கேட்டது. “மழை பேஞ்சா எல்லாம் சரியாப் போகும்” என்றார் மாமா. தோட்டத்துக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். போய்ச் சாக்கை மறுபடி மோட்டார்மேல் இழுத்து மூடினார். அந்தப் பயணத்தில் நான் மதித்த ஒரே ஆள் அவர்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் என் காதருகே குனிந்து, “நாப்பது மோட்டாருக்குக் கொறையாம எரிஞ்சு கெடக்குதுடி!” என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“சுடுகாட்டுல ஆளுக கூட்டமா இருக்காகன்னு டாக்டரு அங்கன போயி கடை போடுவாரா?” என்று கேட்டேன். அடுத்து உசிலம்பட்டியைப் பார்க்கலாம் என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மாமா தூங்கிப்போனார். அவர் சோப்பு பஸ்ஸிலேயே விழுந்துவிட்டது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆனி மாதம் ஒரு நாள் இவர் சுவரிலிருந்து கிழித்த நோட்டீஸ் ஒன்றோடு வந்தார். திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடிப் பக்கம் வயல்களைப் பிளாட் போட்டு விற்கிறார்களாம். இலவச வேன், இலவச கலர் சோடா. மனை வாங்க எங்களால் ஆகாது, ஆனால் அங்கே கட்டி முடித்த பன்னிரண்டு வீடுகளில் ஒன்று வாடகைக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேனில் போனோம். மனை விற்கிறவர் வெள்ளை டெரிலின் சட்டையும் கையில் ஒரு கம்புமாக முன்னால் நடந்தார். யாரோ ஒருவருடைய மகளின் பெயரை வைத்து, பின்னால் நகர் என்று சேர்த்திருந்தார்கள்.

“இந்தா இங்கன பார்க்கு. அந்தா அங்கன பள்ளிக்கூடம். அது பஸ் ஸ்டாப்பு” என்று கம்பை நீட்டினார். அவர் பார்க்கு என்று காட்டிய இடத்தில் கருவேலஞ்செடிகள் நின்றன. பள்ளிக்கூடத்தில் ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் அதுவும் இல்லை. வேனில் வந்திருந்த பதினைந்து பேரும் கலரை உறிஞ்சிக்கொண்டே, அங்கே பார்க்கையும் பள்ளிக்கூடத்தையும் நிஜமாகவே பார்த்ததுபோலத் தலையாட்டினார்கள். இவரும் ஆட்டினார்.

ஆனால் இவர் சொன்ன கணக்கு ஒன்றில் அர்த்தம் இருந்தது. “வீட்டுக்கு வீடு கெணறு தோண்டுறாக. எல்லாத்துலயும் சின்ன மோட்டாரு. கரண்டு பாதி நேரம் மங்கலா வருது. எரியாம எங்க போகும்?” பெரியாஸ்பத்திரி எட்டுகிற தூரம். பெரிய ரோட்டுக்கு நடந்தால் டவுன் பஸ் உண்டு. எனக்கும் மனசு இளகியது.

இருந்தாலும் டெரிலின் சட்டையின் பேச்சை நம்ப நான் என்ன வேன் கூட்டமா? இவரிடம் சொல்லாமல், ஒரு செவ்வாய்க்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனேன். வாடகை வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் அக்கா இருந்தார். கணவர் மில்லில் ஷிப்டு வேலை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். காப்பி போட்டுக் கொடுத்தார். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கிணற்றுத் தண்ணீர் உப்பா? பாம்பு உண்டா? திருட்டுப் பயம்? எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். லேசாகச் சவர்ப்பு இருக்கும் என்றார். பாம்பு உண்டு என்றார். மறைக்கவே இல்லை.

“மழை பேஞ்சா தண்ணி நிக்குமாக்கா?”

“இங்கயா? சொட்டு நிக்காது. மேடுல்ல இது.”

எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது. ஆம்பளைகளுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை, எனக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் மகள் வாசலில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது பாவாடை மடியை விரித்துக் காட்டினாள். நிறைய வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள். மண் கரிசலாக, வாய் பிளந்து கிடந்தது. மனைக் கற்களைச் சுற்றிக் கோரை முளைத்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். “அழுக்கு, கீழ போடு” என்று பிள்ளையின் கையைத் தட்டிவிட்டேன். மேட்டு நிலத்தில் நத்தைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றாத மூளையை வைத்துக்கொண்டுதான் அத்தனை பேரையும் முட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோனோம்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலையில் மழை வெறித்து வெயில்கூட எட்டிப் பார்த்தது. இவர் கம்பி வாங்க டவுனுக்குப் போயிருந்தார். பத்து மணி இருக்கும். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது பாதத்தில் சில்லென்றது. பின்கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், தெரிந்த வீட்டுக்கு வருகிற ஆள்போல வந்தது. மேலே எங்கேயோ கண்மாய் நிரம்பி மறுகால் போய்விட்டது. எங்கள் நகர் இருந்தது, பழைய கண்மாய் ஒன்றின் உள்வாயில், தண்ணீர் நிற்கிற பள்ளத்தில். தண்ணீர் தன் இடத்துக்குத்தான் வந்தது. நாங்கள்தான் நடுவில் அடுப்பு வைத்திருந்தோம்.

எட்டு மாதத்துக்குப் பக்கமான வயிறு. மகளைக் கட்டில்மேல் ஏற்றினேன். அரிசிப் பானையைத் தூக்க முடியவில்லை, இழுத்தேன், கவிழ்ந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது அடுத்த வீட்டு அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். “அரிசி போனாப் போகுது, பிள்ளையத் தா” என்று மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் என்னைப் பிடித்தபடி அவர் வீட்டு மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். சுற்றிலும் பார்த்தேன். ஒவ்வொரு மாடியிலும் ஒரு குடும்பம் நின்றது. எல்லாரும் பாய், அடுப்பு, மண்ணெண்ணெய் டின் எல்லாம் தயாராக ஏற்றி வைத்திருந்தார்கள். யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் உறைத்தது.

“போன வருசமும் வந்துச்சாக்கா?”

“வந்துச்சு.”

“சொட்டு நிக்காதுன்னீக.”

அவர் தன் பெண்பிள்ளைகளின் கால்களைத் துவட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “ஒரு வீட்டுல கூப்பிட்டா இன்னொரு வீட்டுக்குக் கேக்காது இங்க. அவரு ஷிப்டுக்குப் போயிட்டா நானும் இந்த ரெண்டு பொட்டப்பிள்ளைகளுந்தேன். உன் வீடு ஆறு மாசமா பூட்டிக் கெடந்துச்சு. வந்து பாத்த நாலு பேருகிட்டயும் உள்ளதச் சொன்னேன். நாலு பேரும் போயிட்டாக. அஞ்சாவதா நீ வந்த.”

“எங்கிட்டயும் சொல்லியிருந்தா நானும் போயிருப்பேன்.”

“ஆமா. அதுனாலதேன் சொல்லல.”

பாம்பைச் சொன்னவள், சவர்ப்பைச் சொன்னவள், இதை மட்டும் விழுங்கியிருக்கிறாள். அதற்கு மேல் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வடித்த சோற்றை என் மகள் தின்றாள். நானும் தின்றேன், பேசாமலே தின்றேன். சாயங்காலம் இவர் தலையில் கம்பிச் சுருளைச் சுமந்துகொண்டு இடுப்பளவு தண்ணீரில் வந்து சேர்ந்தார். மாடியைப் பார்த்து முதலில் கேட்டது, “கெணத்து மோட்டாருகளும் முங்கிருச்சா?”

முங்கித்தான் இருந்தன. தண்ணீர் வடிந்த மறுநாள், எங்கள் நகரிலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வந்த பதினெட்டு மோட்டார்கள் எங்கள் வாசலில் வரிசையாகக் காய்ந்தன. இவர் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டார். தை வரைக்கும் வேலை ஓயவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாம், “ஊருன்னா சும்மா பாத்துட்டு வாரதா? எல்லாம் யோசிச்சுத்தேன் இங்க வந்தேன்” என்று சொன்னதை நான் இந்தக் காதால் கேட்டேன். மனை விற்ற டெரிலின் சட்டையும் தன் வீட்டு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“பார்க்கு எங்கண்ணே?” என்று கேட்டேன்.

“வரும் தங்கச்சி, வரும்” என்றார், கொஞ்சமும் கூசாமல். அவருடையதைக் கடைசியாகக் கட்டுங்கள் என்று இவரிடம் சொன்னேன். இவர் அதைத்தான் முதலில் கட்டிக் கொடுத்தார். பெரிய மனிதராம்.

வேறு வீடு பார்ப்போம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. கட்டி முடித்த மோட்டார்களும் கட்ட வேண்டிய மோட்டார்களும் வாசலை அடைத்துக்கொண்டிருக்க, இவர் அசைகிறவராகவும் இல்லை. அந்த வீட்டிலேயே பதினொரு வருஷம் இருந்தோம். புரட்டாசி பிறந்ததும் அரிசியைப் பரணுக்கு ஏற்றிவிடுவது எனக்கும் பழகிப்போயிற்று.

குடிவந்த அந்த வருஷ மார்கழியில் ஒரு மத்தியானம் வலி எடுத்தது. இவர் ஓடிப்போய்க் குதிரை வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னை ஏற்றிவிட்டு, தான் சைக்கிளில் பின்னால் வருவதாகச் சொன்னார். யாரும் கூப்பிடாமலே அடுத்த வீட்டு அக்கா என் மகளைத் தன் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மொட்டை மாடிக்குப் பிறகு அவரோடு நான் பேசியதே இல்லை. திண்டுக்கல் ரோட்டுக் குழிகளில் வண்டி தூக்கிப் போட்டது. அவர் என் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதமாக நெஞ்சில் கட்டி வைத்திருந்ததை எல்லாம் அந்த வண்டியில்தான் கொட்டினேன். நீயெல்லாம் ஒரு பொம்பளையா, வயித்துல பிள்ளையோட வந்தவகிட்டப் பொய் சொன்னியே, என்று ஆரம்பித்து ஆஸ்பத்திரி வாசல் தெரியும் வரைக்கும் விடவில்லை. வண்டிக்காரர்கூட ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

“பொய்க்காரி” என்றேன், கடைசியாக, வேறு வார்த்தை கிடைக்காமல்.

“சரி, பொய்க்காரிதேன்” என்றார் அவர். “மூச்ச நல்லா இழுத்து விடு.”